அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது யார்?

அக்காவின் கன்னத்தில் வெள்ளையாகப் படலம் தோன்றியபோது, அமிலம் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். தோலின் மேலடுக்கை உரித்தெடுக்கும் கிளைகாலிக் அமில பீல் பூசி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "எரியுதுடி" என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்கொள் அக்கா" என்றேன். என் குறிப்பேட்டில் ஐந்து நிமிடம் என்று எழுதியிருந்தது. ஐந்து நிமிடமும் காத்திருந்தேன்.

அன்று மாலையே தோல் உரிந்தது. ஒரு வாரத்தில் உரிந்த இடமெல்லாம் கருத்தது. அந்தக் கருமை மங்க ஏழு மாதம் ஆனது. சித்தி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "இரவில் முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?" என்பதுதான். பருவுக்காக அக்கா சில மாதங்களாக ட்ரெட்டினாயின் க்ரீம் பூசி வந்திருக்கிறாள். அந்த க்ரீம் பூசுகிற தோலில் அமிலம் வேகமாகவும் ஆழமாகவும் இறங்கும். பீலோ முகத்தில் வாக்சிங்கோ செய்வதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பே அதை நிறுத்தச் சொல்வது இதனால்தான். அந்த வெண்மை, தோல் காயப்படத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம். கண்டவுடன் அமிலத்தைச் சமன்செய்து கழுவியிருக்க வேண்டும். இவை எதையும் நான் கேட்கவும் இல்லை, கவனிக்கவும் இல்லை. கேட்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. ஆனால் கண்ணாடி போட்ட சட்டத்தில், பொன்னிற எழுத்தில், 'அழகுக்கலை மற்றும் ஏஸ்தெடிக்ஸ் டிப்ளமா' என்று ஒரு சான்றிதழ் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பயிற்சியை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் மணப்பெண் அலங்காரப் படங்கள் அழகாக இருந்தன. பன்னிரண்டே நாளில் முடிந்துவிடும் என்றார்கள். ஃபேஷியல், த்ரெடிங், வாக்சிங், பீல், மைக்ரோநீட்லிங் என்று பதினைந்து திறன்களின் பட்டியல் இருந்தது. 'சர்வதேச அங்கீகாரம் பெற்றது' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். யார் அங்கீகரித்தார்கள் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். படுக்கை ஒன்று. பயிற்சியாளர் செய்வார், நாங்கள் சுற்றி நின்று கைப்பேசியில் படம் பிடிப்போம். பன்னிரண்டு நாளில் என் கை ஒரு மனித முகத்தைத் தொட்டது இரண்டே முறை, இரண்டும் உடன் படித்தவளின் முகம். கடைசி நாளில் இருபது கேள்விகள். விடைகளை முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நிலையத்தின் உரிமையாளர்தான் பாடம் எடுத்தார், அவரேதான் தேர்வு வைத்தார், சான்றிதழில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

இந்த மூன்றும் ஒரே ஆளாக இருந்ததுதான் கோளாறு என்பது எனக்குப் புரிய இன்னொருவர் கேட்க வேண்டியிருந்தது. அக்காவின் முகம் தேறிய பிறகு, யாராவது அனுபவம் உள்ளவர்களின் கீழ் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு சலூனுக்கு வேலை கேட்டுப் போனேன். மேலாளர் அம்மா சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன்னைச் சோதித்தது யார்?" என்று கேட்டார். பயிற்சியாளரின் பெயரைச் சொன்னேன். "அவர் கற்றுக்கொடுத்தவர். சோதித்தது யார் என்று கேட்கிறேன்" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இரண்டாவது இடத்தைத் தேடினேன். இன்றும் யாராவது எங்கே படிக்கலாம் என்று கேட்டால், அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

'அங்கீகாரம்' என்ற ஒரு சொல்லுக்குள் இந்தத் துறையில் குறைந்தது மூன்று விஷயங்களை அடைத்துவிடுகிறார்கள். ஒரு நிலையம் ஏதோ ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டி உறுப்பினராகியிருக்கலாம். அதற்கும் உங்கள் திறமைக்கும் தொடர்பே இல்லை. ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கான ஒரு குறும்பயிற்சியை வெளி அமைப்பு ஒன்று பார்த்து ஒப்புதல் தந்திருக்கலாம். அது பயனுள்ளதுதான், ஆனால் அடிப்படைத் தகுதி ஆகாது. மூன்றாவது வகையில், பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு விதிகளையும் தனியான ஒரு தேர்வு அமைப்பு வகுக்கிறது. நிலையம் அந்த விதிகளின்படி கற்பிக்கிறது; தேர்வை வெளியிலிருந்து வருபவர் நடத்துகிறார், அல்லது நிலையத்தின் மதிப்பீட்டை வெளியாள் சரிபார்க்கிறார். சான்றிதழ் அந்த அமைப்பின் பெயரில் வரும். நான் தேடியது இந்த மூன்றாவதை.

1946-இல் தொடங்கிய, ஜூரிக்கில் தலைமையகம் கொண்ட சர்வதேச அழகுக்கலை அமைப்பான சிடெஸ்கோ இந்த வகையில் பழைய பெயர். பிரிட்டனில் தோன்றிய ஐடெக் அமைப்பும் விடிசிடி அமைப்பும் 2016-இல் ஒன்றாகின. பல நாடுகளில் அவற்றின் சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டு. இங்கிலாந்தில் முறைப்படுத்தப்பட்ட தகுதிகள் எல்லாம் ஆஃப்குவால் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில், ஒவ்வொன்றும் தனி எண்ணுடன் இருக்கும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இந்தியாவில் தொழிற்கல்வித் தகுதிகளை ஒழுங்குபடுத்துவது என்சிவிஇடி என்ற அரசு அமைப்பு. அமெரிக்காவில் நடைமுறையே வேறு: எந்தப் பள்ளியில் படித்தாலும் மாநில வாரியம் தரும் உரிமம் இல்லாமல் தொழில் செய்ய முடியாது, கலிபோர்னியாவில் தோல் பராமரிப்பு நிபுணருக்கு 600 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள். ஆகவே எந்த ஊரில் வேலை செய்யப் போகிறீர்களோ, அந்த ஊரின் சட்டம் எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பயிற்சி நிலையத்தைத் தேட வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

மணிக்கணக்கைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சிடெஸ்கோ டிப்ளமாவுக்கு 1,200 மணி நேரப் பயிற்சி. என் பன்னிரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்று கணக்கிட்டால் 36. என்னுடையதற்கும் டிப்ளமா என்றுதான் பெயர். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: சில நிலையங்கள் சொல்லும் மணிக்கணக்கில் வீட்டில் நீங்களாகப் படிக்கும் நேரமும் சேர்ந்திருக்கும். 'ஆசிரியர் முன்னால் எத்தனை மணி நேரம், அதில் என் கை வேலை செய்வது எத்தனை மணி நேரம்' என்று பிரித்துக் கேளுங்கள்.

நிலையத்தின் வாய்ச்சொல்லை நம்பாமல் தேர்வு அமைப்பிடமே நேரடியாகக் கேட்பது நல்லது. நான் ஒரு நிலையத்தின் பெயரைக் குறிப்பிட்டு, இவர்கள் உங்கள் மையம்தானா என்று மின்னஞ்சல் அனுப்பினேன். மையம்தான், ஆனால் சிகையலங்காரத்துக்கு மட்டும் என்று பதில் வந்தது. தோல் பராமரிப்புக்கு அவர்களுக்கு அனுமதியே இல்லை. வரவேற்பறையில் தொங்கிய சின்னம் உண்மையானது; எனக்கு விற்கப் பார்த்த பயிற்சிக்கு மட்டும் அது பொருந்தாது. ஒரே ஒரு மின்னஞ்சலில் தெரிந்த விஷயம் இது.

தாளில் சரியாக இருந்த நான்கு இடங்களுக்கு நேரில் போனேன். நான்கையும் ஒரே அளவில் விவரிக்கத் தேவையில்லை. முதல் இடத்தில் அலுவலக அறையையும் புகைப்படங்களையும் காட்டினார்கள். வகுப்பு நடக்கும்போது பார்க்க முடியாது என்றார்கள். திரும்பிவிட்டேன்.

இரண்டாவது இடம் பார்க்க அருமையாக இருந்தது. விசாலமான அறை, ஆறு படுக்கைகள், நல்ல வெளிச்சம். கால் மணி நேரம் ஓரமாக நிற்க அனுமதித்தார்கள். ஒரு மாணவி வாக்சிங் செய்துகொண்டிருந்தாள். மரக்குச்சியால் மெழுகை எடுத்துக் காலில் தடவினாள். அதே குச்சியை மறுபடியும் மெழுகுப் பாத்திரத்தில் விட்டாள். தோலைத் தொட்ட குச்சி பாத்திரத்துக்குத் திரும்பக் கூடாது. ஒவ்வொரு முறையும் புதுக்குச்சி. இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தெரியாமல் செய்த மாணவியைக் குறை சொல்ல மாட்டேன், அவள் கற்றுக்கொள்ள வந்தவள். ஆனால் பயிற்சியாளர் அவள் அருகிலேயே நின்று, அதைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். பார்த்தும் திருத்தாதவரிடம் எத்தனை மணி நேரம் படித்து என்ன?

மூன்றாவது இடத்தில், கரும்புள்ளி எடுக்கும் கருவியைப் பயன்படுத்தியபின் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நீல விளக்கு எரியும் பெட்டியைக் காட்டி, "இதில் பத்து நிமிடம் வைத்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும்" என்றார் அங்கிருந்தவர். புற ஊதாப் பெட்டி, ஏற்கெனவே சுத்தமாக்கிய கருவியைச் சுத்தமாக வைத்திருக்கத்தான் உதவும். வெளிச்சம் படாத மடிப்புகளில் அது ஒன்றும் செய்யாது. தோலைத் துளைக்கும், இரத்தம் படும் உலோகக் கருவியை முதலில் கழுவி, பிறகு ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியில் வைக்க வேண்டும்: 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம். இல்லையென்றால் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் கருவியை வாங்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் நிபுணராக இருக்கத் தேவையில்லை. பதில் சொல்பவரின் குரலிலேயே பாதி தெரிந்துவிடும்.

நான்காவது இடம் பழைய கட்டடம், சுவரில் படம்கூட இல்லை. அங்கே பொறுப்பில் இருந்த மேடம் என்னை உட்காரவைத்து அவர்தான் கேள்வி கேட்டார். ஏற்கெனவே என்ன படித்தாய், யாருக்குச் செய்தாய், என்ன ஆனது? அக்காவின் கன்னத்தைப் பற்றி முழுவதும் சொன்னேன். நான் கேட்டது மேல்நிலைப் பயிற்சி. "அடிப்படையை முடிக்காமல் பீல் வகுப்பில் உன்னைச் சேர்க்க மாட்டேன்" என்றார். கட்டணத்தோடு வந்தவளைத் திருப்பி அனுப்பத் தயாராக இருந்த ஒரே இடம் அது. போன முறை எத்தனை பேர் தேர்வில் தோற்றார்கள் என்று கேட்டேன். தயங்காமல், "பதினான்கில் மூவர். இருவர் மறுபடி எழுதித் தேறினார்கள்" என்றார். யாருமே தோற்காத தேர்வைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அந்தப் பதில் எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. அங்கேயே சேர்ந்தேன். பத்து மாதம் படித்தேன்.

சேர்வதற்கு முன் அங்கே படித்து முடித்த இரண்டு பேரோடு பேசினேன். நிலையம் காட்டியவர்களோடு அல்ல, மதிய இடைவேளையில் வாசலில் நானாகப் பார்த்துப் பேசியவர்களோடு. "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "பயிற்சிக்கு ஆள் யார் கொண்டுவர வேண்டும்?" என்று கேட்டேன். அப்போதுதான், மாணவிகளே தங்கள் உறவினர்களை அழைத்து வர வேண்டிய நாள்கள் பல உண்டு என்று தெரிந்தது. ஊருக்குப் புதிதாக வந்த ஒருத்திக்கு இது பெரிய சிக்கல். பயிற்சி பாதியில் நிற்கக்கூட இது காரணமாகலாம். பயிற்சிக்கான கருவிகளும் பொருள்களும் அடங்கிய கிட் யாருடையது, தீர்ந்தால் யார் வாங்குவது, தேர்வுக் கட்டணம் பயிற்சிக் கட்டணத்தில் சேர்ந்ததா தனியா, மறுதேர்வுக்கு என்ன, நடுவில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கினேன். வாய்வழியாகச் சொன்ன ஒன்றை எழுதித் தரக் கேட்டபோது முகம் சுளிக்காததையும் குறித்துக்கொண்டேன்.

நம்மில் பலர் கேட்கத் தவறும் ஒரு கேள்வி தோலின் நிறம் பற்றியது. வெயிலில் தோல் எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கருக்கிறது என்பதை வைத்து, தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் 1975-இல் ஒரு வகைப்பாட்டைத் தொடங்கினார். இன்று அதில் ஆறு வகைகள். நம்மவர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையில் வருவோம். இந்த வகைத் தோலில் சின்னக் காயம், லேசான எரிச்சல்கூடக் கருமையை விட்டுச் செல்லும். அக்காவுக்கு நடந்தது அதுதான். லேசர் முடி நீக்கத்தில் இது இன்னும் முக்கியம். லேசர் ஒளியை, நிறம் தரும் மெலனின் என்ற நிறமி உறிஞ்சுகிறது. முடியிலும் மெலனின், தோலிலும் மெலனின். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரின் ஒளியைத் தோலின் மெலனின் அதிகமாக உறிஞ்சுவதால் கருமையான தோல் சுட்டுப்போகும் வாய்ப்பு கூடுதல். 1,064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் ஆழமாக இறங்கும், மேல்தோலின் மெலனின் அதைக் குறைவாகவே உறிஞ்சும், அதனால் நமக்கு முந்தையதைவிடப் பாதுகாப்பானது. எந்தக் கருவியில் கற்றுத் தருகிறீர்கள், கருமையான தோலில் எத்தனை பேருக்குச் செய்து பழக்குவீர்கள் என்று கேளுங்கள். பாடப் படங்களில் எரிச்சல் என்றால் இளஞ்சிவப்பு. கருத்த தோலில் அதே எரிச்சல் ஊதா சாயலாகவோ, சுற்றியுள்ளதைவிடக் கருமையாகவோ தெரியும். வெள்ளைத் தோலின் படங்களை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தட்டுப்படாது. எங்கள் மேடம் ஒவ்வொரு வாரமும் எங்கள் கைகளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த வேறுபாட்டைக் காட்டுவார்.

ஊசி போடும் பயிற்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கடுமையாகச் சொல்கிறேன். ஒரே நாளில் ஃபில்லர், அதாவது உதட்டையோ கன்னத்தையோ நிரப்பிக் காட்ட ஊசியால் செலுத்தும் பொருள், போடக் கற்றுத் தருகிறோம் என்று அழைப்பவர்களிடம் போகாதீர்கள். ஃபில்லர் இரத்தக் குழாயை அடைத்தால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகலாம்; கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்தால் பார்வை போகலாம். ஹயலூரோனிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹயலூரோனிடேஸ் என்ற மருந்தை உடனே செலுத்த வேண்டியிருக்கும். அதைக் கையாள மருத்துவ அறிவும் சட்ட அனுமதியும் வேண்டும். பல இடங்களில் அழகுக்கலை படித்தவர்கள் இந்த ஊசியைத் தொடவே சட்டம் அனுமதிப்பதில்லை. சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். தவறு நடந்தால் எதிரே நிற்கப்போவது நீங்கள் மட்டும்தான். காப்பீடு எடுக்கக்கூடிய ஊரில் இருந்தால், பணம் கட்டும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் அந்தப் பயிற்சியின் பெயரைச் சொல்லி, இதை ஏற்பீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

இணையவழி வகுப்புகளை நான் ஒதுக்கவில்லை. உடற்கூறு, தோலின் அடுக்குகள், முடி வளரும் கட்டங்கள், வேதிப்பொருள்கள் எல்லாவற்றையும் திரையில் படிக்கலாம். பிள்ளை தூங்கியபின் படிக்கும் தாய்மார்களுக்கு அது வரம். மசாஜில் எவ்வளவு அழுத்தம், நூல் தோலில் படும் கோணம், மெழுகின் சூடு ஆகியவை திரையில் வராது. மணிக்கட்டில் மெழுகைத் தொட்டுப் பார்த்து 'இது சூடு அதிகம்' என்று என் கை சொல்லக் கற்றுக்கொள்ள, ஒருவர் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை சொல்ல வேண்டியிருந்தது.

தேர்வு நாளன்று வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். எங்களில் யாரையும் அவருக்குத் தெரியாது. நாங்கள் செய்து காட்டுவதற்காகப் படுக்க வந்தவர்களையும் எங்களுக்குள் மாற்றி அமைத்தார். எனக்கு வந்தவர் முன்பின் பார்த்திராத ஒரு நடுத்தர வயது அம்மா. ஃபேஷியல் தொடங்கும் முன் கலந்தாய்வு அட்டையை நிரப்ப வேண்டும். ஒவ்வாமை, கர்ப்பம், சர்க்கரை, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் கேட்டேன். "முகத்துக்கு இரவில் ஏதாவது பூசுகிறீர்களா அம்மா?" என்றேன். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. "ஒன்றுமில்லை" என்றார். நான் விடவில்லை. "பருவுக்கு, மங்குக்கு, டாக்டர் கொடுத்தது ஏதாவது?" என்று மறுபடி கேட்டேன். சற்று யோசித்து, "ஓ, அதுவா, ஒரு க்ரீம் இருக்கிறது" என்றார். ட்யூபின் பெயரைச் சொன்னார். செய்யவிருந்த ஸ்க்ரப்பை நிறுத்திவிட்டேன், நீராவியையும் தவிர்த்தேன், ஏன் என்பதை அட்டையில் எழுதினேன். தேர்வாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று அதை வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

ஆறு வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது. அதில் இருந்த கையெழுத்துகளில் ஒன்றுகூட மேடத்துடையது இல்லை. முதல் வேலையாக அதை எடுத்துக்கொண்டு அந்தச் சலூனுக்குப் போனேன்.

இப்போது அக்காவின் மகள் இதே படிப்பைப் படிக்க வேண்டும் என்கிறாள். மூன்று இடங்களின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை முதல் இடத்தைப் பார்க்கப் போகிறோம், வகுப்பு நடக்கும் நேரத்தில். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.